அனுப்பி வைத்தல்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக.

கெடா மாநிலத்தின் தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிள்ளைகள் வேலைக்குச் செல்வது புதிதன்று. பால்மரம் வெட்டிய காலத்தில் பிள்ளைகள் பெற்றோரின் நிரையிலேயே வேலை கற்றுக்கொண்டனர். பின்னர், சுங்கைப் பட்டாணி, கூலிம், பிறை ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் பெருகின. தொழிற்சாலைப் பேருந்து தோட்டத்து வாசலுக்கே வந்து இளைஞர்களை ஏற்றிச் சென்றது. வேலை முடிந்ததும் அதே வாசலில் இறக்கிவிட்டது. பிள்ளை களைத்து வந்தாலும் வீட்டுச் சோற்றைத்தான் உண்டான். வீட்டுப் பாயில்தான் படுத்தான்.

இராணுவ அடிப்படைப் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளை அப்படி மாலையில் வீடு திரும்புவதில்லை. மாதக்கணக்கில் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. நினைத்தவுடன் குரலைக் கேட்கவும் முடியாது. எனவேதான், “நான் இராணுவத்தில் சேர விரும்புகிறேன்” என்று மகனோ மகளோ கூறும்போது, பல வீடுகளில் முதலில் எழுவது மகிழ்ச்சியன்று, கேள்வி. “பட்டாளத்துக்கா? நம்ம வீட்டுல யாரு போயிருக்கா?” என்பதே அக்கேள்வி.

மலேசிய ஆயுதப் படையில் இந்தியரின் பங்கேற்பு மிகக் குறைவாக இருப்பது நீண்ட காலமாகவே பேசப்பட்டு வருகிறது. போதிய தகவல் இன்மை, வேறு துறைகளில் உள்ள வாய்ப்புகள் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. பெற்றோரின் தயக்கமும் அவற்றுள் ஒன்று. அத்தயக்கத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட இயலாது. அதற்கு வரலாறும் உண்டு, நியாயமும் உண்டு.

அச்சத்தின் வேர்

ஜப்பானியர் ஆட்சியின்போது, 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில்பாதை அமைக்கப்பட்டது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். நல்ல கூலி கிடைக்கும் என்ற சொல்லை நம்பிச் சென்றவர்களும் உண்டு. வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்டவர்களும் உண்டு. அவர்களை ஏற்றிய இரயில்கள் பெரும்பாலும் கெடாவைக் கடந்தே வடக்கே சென்றன. காலரா, மலேரியா, பட்டினி, அடி உதை ஆகியவற்றால் அவர்களுள் மிகப் பலர் காட்டிலேயே மாண்டனர். எத்தனையோ குடும்பங்களுக்கு மரணச் செய்திகூட வந்து சேரவில்லை.

அந்தத் தலைமுறையினர் தம் பேரப்பிள்ளைகளிடம் அதைப் பற்றி விரிவாகப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆயினும், ‘அரசாங்கம் ஆள் கேட்டால் அஞ்ச வேண்டும்’ என்ற உணர்வு வீட்டுக்கு வீடு தங்கிவிட்டது. இராணுவம் என்றால் போர், போர் என்றால் இழப்பு என்று எண்ணும் பாட்டியின் அச்சம் வெறும் கற்பனையிலிருந்து பிறந்ததன்று.

எனினும், ஒன்றை நாம் பிரித்தறிதல் வேண்டும். கொண்டு செல்லப்படுதல் வேறு. அனுப்பி வைக்கப்படுதல் வேறு. முன்னதில் குடும்பத்துக்கு எதுவும் தெரியாது; அதன் சம்மதத்தையும் எவரும் கேட்பதில்லை. பின்னதில் பிள்ளை எங்கே செல்கிறான், எதற்குச் செல்கிறான், எப்போது வருவான் என்பது வீட்டாருக்குத் தெரியும். அறிவும் சம்மதமும் சேரும்போதுதான் ஒரு பிரிவு வழியனுப்புதலாகிறது.

ஒரு கையொப்பம்

அதே 1943ஆம் ஆண்டில் நிகழ்ந்த வேறொரு வழியனுப்புதல் இதனை விளக்கும். அவ்வாண்டு ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கெனத் தனிப் படைப்பிரிவு ஒன்றை அமைக்க அழைப்பு விடுத்தார். ஜான்சி ராணிப் படை என்று பெயர் பெற்ற அப்பிரிவுக்கு டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையேற்றார். அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் அதன் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் அதில் இணைந்தனர்.

கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் வளர்ந்த ஜானகி அப்போது 18 வயது நங்கை. நேதாஜியின் உரையைக் கேட்டுத் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்த அவர், படையிலும் சேர விரும்பினார். விண்ணப்பத்தில் தந்தை கையொப்பமிட வேண்டும். தந்தையோ மறுத்தார். பெண்பிள்ளை துப்பாக்கி ஏந்துவதா என்ற கேள்வி அன்று எழாத வீடு இருந்திருக்காது.

ஜானகி வீட்டைவிட்டு ஓடவில்லை. கையொப்பத்தைப் போலியாக இடவுமில்லை. லட்சுமியே அவர்கள் வீட்டுக்கு வந்தார். தேநீர் அருந்தியபடி பெற்றோருடன் உரையாடினார். தம் மகளுக்குப் பொறுப்பேற்கப் போகும் பெண்ணை நேரில் கண்ட பிறகு தந்தை கையொப்பமிட்டார். ஜானகி பயிற்சி பெற்று அதிகாரியானார், பர்மாவிலும் பணியாற்றினார். போருக்குப் பின் மலேசிய இந்தியர் காங்கிரசின் தொடக்க கால உறுப்பினராகவும், பிற்காலத்தில் நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகவும் விளங்கிய ஜானகி ஆதி நாகப்பன் அவரே. 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

தந்தையின் மனத்தை மாற்றியது வீர உரையன்று என்பதை நாம் கவனித்தல் வேண்டும். யாரிடம் மகளை ஒப்படைக்கிறோம் என்ற கேள்விக்கு அவருக்கு நேரடியான விடை கிடைத்தது. பெற்றோர் தேடுவது பெரும்பாலும் அந்த விடையைத்தான்.

கெடாத் தோட்டங்களும் அணிவகுப்பை அறியாதவை அல்ல. போர் முடிந்த பின், பீடோங் வட்டாரத்தின் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு தொண்டர் படை இயங்கியது. அதன் இளைஞர்கள் சீருடை அணிந்து அணிவகுத்தனர், கள்ளுக்கடைகளை எதிர்த்தனர். 1947இல் காலனித்துவ அரசு அவ்வியக்கத்தை ஒடுக்கியது. கட்டொழுங்கு என்பது வெளியிலிருந்து வந்த ஒன்றன்று. அத்தோட்டத்து இளைஞர்கள் தாமே விரும்பி ஏற்றதுமாகும்.

கணினி தேர்ந்தெடுத்த பெயர்கள்

பெற்றோர் கையொப்பமிடத் தேவையில்லாத காலமும் ஒன்று வந்தது. 2003ஆம் ஆண்டின் தேசிய சேவைப் பயிற்சிச் சட்டத்தின் கீழ், 2004 பிப்ரவரியில் தேசிய சேவைப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. முதலாண்டில் ஏறத்தாழ 85,000 இளையோரின் பெயர்களைக் கணினி தேர்ந்தெடுத்தது. தக்க காரணமின்றிப் பயிற்சிக்குச் செல்லாதவருக்கு 3,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளித்தது.

அது முழுமையான இராணுவப் பயிற்சியன்று. உடற்பயிற்சி, நாட்டுணர்வு, நற்பண்பு, சமூகத் தொண்டு ஆகிய கூறுகளைக் கொண்ட ஏறத்தாழ மூன்று மாத முகாம் வாழ்க்கை அது. ஆயினும், 18 வயதுப் பிள்ளையை முதன்முறையாகப் பேருந்தேற்றிய தாய்க்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. சில முகாம்களில் பயிற்சியாளர் மரணமுற்ற செய்திகள் வெளிவந்தபோது கவலை மேலும் பெருகியது. பிள்ளையின் உடல்நலம், முகாமின் பாதுகாப்பு ஆகியவை பற்றிப் பெற்றோர் கேள்வி எழுப்பினர். அக்கேள்விகள் நியாயமானவை.

அதே வேளையில், பலருக்கு அம்முகாம் நல்ல அனுபவமாகவும் அமைந்தது. தமிழ்ப்பள்ளியில் பயின்று தோட்டத்திலேயே வளர்ந்த பிள்ளை மலாய், சீன, இபான் நண்பர்களோடு ஒரே விடுதியில் தங்கினான். துணியைத் தானே துவைத்தான். 2015இல் நிறுத்தி வைக்கப்பட்ட இத்திட்டம் 2016இல் மீண்டும் நடந்து, 2018இல் கைவிடப்பட்டது. 2025 ஜனவரியில் 45 நாள் பயிற்சியாக அது புதிய வடிவில் மீண்டும் தொடங்கப்பட்டது. இம்முறை அடிப்படை இராணுவப் பயிற்சியே அதன் பெரும்பகுதியாக அமைந்துள்ளது. ஆகவே, பிள்ளையை முகாமுக்கு அனுப்பும் மனநிலை இனிவரும் பல குடும்பங்களுக்கும் தேவைப்படலாம்.

பயிற்சியில் நடப்பது என்ன?

மலேசிய இராணுவத்தில் சேர்வது ஒருவரின் விருப்பத்தைப் பொறுத்தது. தரைப்படையில் சேரும் இளைஞர்களுக்கான அடிப்படைப் பயிற்சி மையம் நெகிரி செம்பிலானில் உள்ள போர்ட்டிக்சனில் இருக்கிறது. சுங்கைப் பட்டாணியிலிருந்து அது நானூறு கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. கடற்படைப் பயிற்சியாளர் ஜொகூரின் தஞ்சோங் பெங்கெலே வரை செல்கின்றனர். மறுபுறம், அரச மலேசிய ஆகாயப் படையின் கல்லூரி அலோர் ஸ்டாருக்கு அருகில், கெப்பாலா பத்தாஸில் உள்ளது. கெடாவின் பிள்ளைகள் தெற்கே செல்வது போல, வேறு மாநிலப் பெற்றோரும் தம் பிள்ளைகளைக் கெடாவுக்கு அனுப்பி வைக்கின்றனர்.

பயிற்சியாளர் விடியும் முன் எழுகின்றனர். தலைமுடி ஒட்ட வெட்டப்படுகிறது. அணிவகுப்பு, ஓட்டம், தடை தாண்டுதல், ஆயுதங்களைப் பாதுகாப்பாகக் கையாளுதல், வரைபடம் படித்தல், முதலுதவி, சுமையுடன் நெடுந்தூரம் நடத்தல் ஆகியவற்றைக் கற்கின்றனர். கட்டிலை மடிப்பின்றி விரிப்பதும் காலணியைப் பளபளவெனத் துடைப்பதும்கூடப் பயிற்சியே. சிறு செயலில் கவனம் சிதறாதவனே பெரிய ஆபத்திலும் கவனமாக இருப்பான் என்பது இதன் அடிப்படை. கைப்பேசியைப் பயன்படுத்தும் நேரமும் கட்டுப்படுத்தப்படுகிறது. புதிய சூழலில் மனம் நிலைகொள்ள வேண்டும் என்பதும், உடன் இருப்பவரையே துணையாகக் கொள்ளப் பழக வேண்டும் என்பதும் அதன் நோக்கங்கள்.

புறப்படும் முன்

அச்சத்தைக் குறைக்கும் முதல் வழி, அதனைக் கேள்விகளாக மாற்றுவதாகும். பயிற்சி எத்தனை மாதம்? எந்த நாளில் அழைக்கலாம்? அவசர வேளையில் யாரைத் தொடர்பு கொள்வது? குடும்பத்தினர் எப்போது சந்திக்கலாம்? இவற்றுக்கான விடைகளை ஒரு தாளில் எழுதிச் சாமி மேடைக்கு அருகிலோ குளிர்பதனப் பெட்டியின் கதவிலோ ஒட்டி வைக்கலாம். நள்ளிரவில் விழித்துக்கொள்ளும் தாய்க்கு அந்தத் தாள் பெருந்துணை.

இரண்டாவது, உடல்நலத்தை மறைக்காமல் கூறுதல். ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு, பழைய எலும்பு முறிவு ஆகியவற்றைத் தெரிவித்தால் வாய்ப்பு நழுவிவிடுமோ என்று சிலர் தயங்குகின்றனர். கடும் வெயிலில் ஓடும்போது அம்மறைப்பே உயிருக்கு ஆபத்தாகலாம். மாட்டிறைச்சி உண்ணாதவர் அதனையும் தொடக்கத்திலேயே தெரிவித்தல் நலம்.

மூன்றாவது, வீட்டிலேயே பழக்குதல். கண்ணை இமை காப்பது போல வளர்த்த பிள்ளைக்குத் துணி துவைக்கவும், சட்டைக்கு இஸ்திரி போடவும், அதிகாலையில் எழவும் சில மாதங்களுக்கு முன்பே கற்றுத் தர வேண்டும். ஓட்டத்தையும் படிப்படியாகக் கூட்ட வேண்டும். செம்பனைத் தோட்டத்து மண்சாலையைவிடச் சிறந்த ஓடுபாதை வேறு எங்கே இருக்கிறது?

சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை நடைமுறையில் உள்ளது. அங்கு, மகனுடன் பெற்றோரும் படகேறித் தெக்கோங் தீவுக்குச் செல்கின்றனர். அவன் உறங்கப்போகும் கட்டிலையும் உண்ணப்போகும் கூடத்தையும் பார்க்கின்றனர். அங்கேயே உணவருந்திவிட்டுத் திரும்புகின்றனர். பார்த்த இடத்தைப் பற்றி மனம் வீணாகக் கற்பனை செய்வதில்லை.

புறப்படும் நாளில் சொல்லும் சொல்லுக்கும் எடை உண்டு. “நீ இல்லாமல் நான் எப்படி இருப்பேன்?” என்று கேட்டால், பிள்ளை தன் பையோடு தாயின் துயரத்தையும் சுமந்து செல்வான். அழுவதில் தவறில்லை. ஆனால், அந்தச் சுமையைப் பிள்ளையின் தோளில் ஏற்றாதிருத்தல் வேண்டும். தமிழில் விடைபெறுபவர் ‘போகிறேன்’ என்பதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றே கூறுவார். அனுப்புபவரும் ‘போய் வா’ என்பார். திரும்பி வருதல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அமைதியான வாரங்கள்

முதல் சில வாரங்கள் இரு தரப்பினருக்கும் கடினமானவை. ‘பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு’ என்பது பழமொழி. அழைப்பு வராதபோது, பிள்ளையின் மனம் கல்லாகிவிட்டதோ என்று தாய் வருந்துவாள். உண்மையில், அவனுக்குப் பேச நேரம் கிடைத்திருக்காது. கிடைத்த ஐந்து நிமிடத்தில் குரல் உடைந்துவிடுமோ என்று அஞ்சிச் சுருக்கமாகவும் பேசியிருப்பான். ‘சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்மா’ என்ற இரண்டு சொற்றொடரில் அவன் தன் அன்பு முழுவதையும் அடக்கியிருக்கலாம்.

இக்காலத்தில் கைகொடுப்பது கடிதம். பசு ஈன்றது, தங்கை தேர்வெழுதியது, கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது எனச் சிறு சிறு வீட்டுச் செய்திகளை எழுதலாம். கடன் தொல்லையையும் குடும்பச் சண்டையையும் எழுதி அவனைக் கலங்கடிக்க வேண்டா. புலனத்தில் பரவும் உறுதியற்ற செய்திகளை நம்பிக் கலங்குவதைவிட, எழுதி வைத்த எண்ணை அழைத்துக் கேட்பதே அறிவுடைமை.

தந்தையரின் துயரம் பெரும்பாலும் ஓசையற்றது. மகனின் மோட்டார் சைக்கிளைத் துடைத்து வைப்பதிலோ, வேலைக்குக் கூடுதல் நேரம் செல்வதிலோ அது வெளிப்படும். வீட்டில் உள்ளோர் அதனைப் புரிந்துகொண்டு பேச்சுக் கொடுத்தல் வேண்டும். அண்ணன் செய்த வேலைகளைத் தம்பி தங்கையர் பகிர்ந்துகொண்டால், வெறுமை சற்றே குறையும். ஏற்கெனவே பிள்ளையை அனுப்பிய வேறொரு குடும்பத்தோடு உரையாடுவதும் ஆறுதலளிக்கும்.

திரும்பி வரும் பிள்ளை

பயிற்சியின் நிறைவில் அணிவகுப்பு நடைபெறும். அதனைக் காணக் குடும்பத்தினர் செல்வர். ஒரே சீருடை, ஒரே முடிவெட்டு, ஒரே நடை. நூற்றுக்கணக்கானோர் நடுவே தன் பிள்ளையைக் கண்டுபிடிக்கவே தாய்க்குச் சற்று நேரமாகலாம். வெயிலில் கறுத்து, உடல் இறுகி, நிமிர்ந்து நிற்கும் அவன் பழைய பிள்ளை அல்லன். அவனைக் குழந்தையாகவே நடத்த முயலாமல், அவன் சொல்வதைக் கேட்பது பெற்றோர் கற்க வேண்டிய இறுதிப் பாடம்.

எல்லாரும் பயிற்சியை நிறைவு செய்வதில்லை. காயத்தாலோ, மனம் ஒன்றாததாலோ இடையில் திரும்புவோரும் உளர். ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி அப்பிள்ளையைக் கடிந்துகொள்ளக் கூடாது. திரும்பி வந்தாலும் வீடு அவனுடையதே என்ற உறுதியோடு அனுப்பப்படுபவன்தான் துணிந்து செல்வான்.

மாணவர்களே, இதில் உங்கள் கடமையும் உண்டு. இராணுவம், அரச இராணுவக் கல்லூரி, தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் என எதை விரும்பினாலும், விண்ணப்பித்த பிறகு அறிவிக்காமல், விண்ணப்பிக்கும் முன்பே பெற்றோரிடம் கூறுங்கள். அவர்களின் கேள்விகளைத் தடையாகக் கருதாதீர்கள். தெரியாததைத் தேடிக் கண்டு சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால், ஏன் என்று பொறுமையோடு கேளுங்கள். பெற்றோரை இருளில் விட்டுவிட்டுச் சென்றால், அவர்களுக்கு அது பிள்ளையை யாரோ கொண்டுபோனது போலவே இருக்கும். எல்லாம் தெரிந்து அவர்கள் ‘போய் வா’ என்று சொல்லும்போதுதான் நீங்கள் அனுப்பி வைக்கப்படுகிறீர்கள்.

அருஞ்சொற்பொருள்

நிரை – தோட்டத்தில் மரங்கள் வரிசையாக நிற்கும் பகுதி
நங்கை – இளம்பெண்
கட்டொழுங்கு – ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு நடத்தல்
ஒடுக்குதல் – எழவிடாமல் அடக்குதல்
புலனம் – கைப்பேசியில் செய்தி அனுப்பும் செயலி (வாட்ஸ்அப்)
கடிந்துகொள்ளுதல் – கோபித்துப் பேசுதல்

வினாக்கள்

1. தொழிற்சாலை வேலைக்குச் செல்வதற்கும் இராணுவப் பயிற்சிக்குச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ‘கொண்டு செல்லப்படுதல்’, ‘அனுப்பி வைக்கப்படுதல்’ ஆகியவற்றைக் கட்டுரையாளர் எவ்வாறு வேறுபடுத்துகிறார்?
3. ஜானகியின் தந்தை மனம் மாறியதற்கான காரணத்தை விளக்குக.
4. உடல்நலக் குறைவை மறைக்காமல் கூறுவது ஏன் முக்கியம்?
5. ‘பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு’ எனும் பழமொழி கட்டுரையில் கூறப்படும் சூழலுக்கு முழுமையாகப் பொருந்துகிறதா? காரணத்துடன் எழுதுக.
6. கட்டுரையில் உள்ள ஓர் உவமைத்தொடரையும் ஓர் இரட்டைக்கிளவியையும் கண்டறிந்து, அவற்றைக் கொண்டு வாக்கியம் அமைத்திடுக.

நடவடிக்கை

இராணுவத்தில் சேர விரும்பும் ஒருவர் தம் பெற்றோரிடம் அதனைத் தெரிவிக்கும் சூழலை இணையராக உரையாடலாக எழுதி, வகுப்பில் நடித்துக் காட்டுக. பெற்றோர் கேட்கும் மூன்று கேள்விகளேனும் அதில் இடம்பெறுதல் வேண்டும்.